சைலன்சர் மாற்றிய பைக்குக்கு ஜெற் மாற்றுவது எப்படி: வன்னியில் ஓடுபவர்களுக்கு

போன கோடையில் என் 150 சிசி பைக்குக்குச் சைலன்சர் மாற்றினேன். அதே கிழமை எயார் ஃபில்டர் பெட்டியையும் கழற்றி வைத்துவிட்டு, காபரேற்றரின் வாயில் நேரே ஒரு கூம்பு ஃபில்டரைப் பூட்டினேன். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேற்றரையோ, அதற்குள் பெற்றோலை அளந்து விடும் ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் திருகான ஜெற்றையோ தொடவில்லை. முதல் நாளே ரேஸை (அக்சிலேற்றரை) விடும்போதெல்லாம் சைலன்சருக்குள் பட படவென்று வெடித்தது. அது நல்ல சத்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் கழித்து மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் முழு ரேஸில் போகும்போது பைக் இழுவையை விட்டுவிட்டது. கரையில் நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்றினால், சுண்ணாம்பு தடவினது போல வெள்ளை.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அலைந்தேன். ரவுணில் ஒரு கடையில் "பெரிய ஜெற்" என்று தந்ததைப் போட்டதில் பிளக் கரியாகி, லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடிய பைக் 32-க்கு இறங்கியது. கடைசியில் வழி காட்டியவர் எங்கள் பக்கத்தில் கராச் வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டியிருந்த காலத்தில் தொழில் படித்தவர். காபரேற்றர் வேலையில் அவர் கை தனி. அவர் சொன்னது, நான் செய்து பார்த்தது இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீங்கள் அந்த மூன்று கிழமையையும் இரண்டு சனி ஞாயிறுக்குள் முடித்துவிடலாம்.

நடப்பது இதுதான். பெற்றோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். முழு இழுவைக்கு அதைவிடக் கொஞ்சம் பெற்றோல் கூட வேண்டும், 1-க்கு 12.5 அல்லது 13 அளவில் நிற்கும். தடையில்லாத சைலன்சரும் திறந்த ஃபில்டரும் போட்டால் காற்று கூடப் போகிறது. ஜெற்றின் ஓட்டை அதே அளவில் இருக்கிறது. கலவை நீர்த்துப்போய் எஞ்சின் சுடுகிறது. அப்படியே நாள் கணக்கில் ஓடினால் வால்வும் பிஸ்டனும் கேடுதான்.

1. இந்த வேலை உங்கள் பைக்குக்கு உரியதா என்று பாருங்கள்

இப்போது வரும் புதிய பைக்குகள் பலவற்றில் காபரேற்றர் இல்லை. கணினி பார்த்துப் பெற்றோலைப் பீச்சுகிறது. அவற்றில் மாற்ற ஜெற் கிடையாது. அது வேறு வேலை.

காபரேற்றர் இருந்தால், எந்த வகை என்று பாருங்கள். ரேஸ் கேபிள் மேல் மூடிக்குள் நேரே இறங்கினால், கேபிளே உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் சிலைட்டை இழுக்கிறது. பழைய 90, 100 சிசி பைக்குகளில் பெரும்பாலும் இதுதான். கேபிள் பக்கவாட்டில் ஒரு சில்லைத் திருப்பி, மேலே அகலமான மூடி இருந்தால் அது வெற்றிட வகை. மூடிக்குள் மெல்லிய றப்பர் சவ்வு இருக்கும். 150 சிசி பைக்குகளில் இதைத்தான் கூடுதலாகக் காண்பீர்கள். பிறகு காபரேற்றர் உடலில் பெயரைத் தேடுங்கள். மிக்குனி, கெய்ஹின் என்று பொறித்திருக்கும். இதை எழுதி வையுங்கள், ஜெற் வாங்கும்போது கட்டாயம் வேண்டும்.

2. ஜெற்றைத் தொட முன் மற்றவற்றைச் சரிபாருங்கள்

நான் முதல் கிழமையைத் தொலைத்தது இதைச் செய்யாததால். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் றப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தது. நம் வெயிலுக்கு அந்த றப்பர் காய்ந்து வெடிக்கும். அதன் வழியாகக் கள்ளக் காற்று உள்ளே போனால் நீங்கள் எந்த ஜெற் போட்டாலும் சரிவராது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, அந்த றப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூறலாக அடியுங்கள். சத்தம் மாறினால் அல்லது எஞ்சின் தடுமாறினால் அங்கே ஓட்டை.

சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் கஸ்கற் புதிதாக இருக்கட்டும். அங்கே கசிந்தாலும் ரேஸை விடும்போது வெடிக்கும். நீங்கள் அதைப் பெற்றோல் குறைவு என்று நினைத்து ஜெற்றைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பைக்கோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கு வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். புதுப் பிளக் போடுங்கள், பழைய அதே இலக்கத்தில். பிளக்கின் சூட்டு இலக்கத்தை மாற்றிவிட்டு அதன் நிறத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

அப்புறம் அந்தக் கூம்பு ஃபில்டர். இதில் என் கருத்தை நேரே சொல்லிவிடுகிறேன்: வன்னியில் அதைப் போடாதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போய்விட்டு வந்து அந்த ஃபில்டரை விரலால் தடவிப் பாருங்கள். எனக்கு அதன் பின்பக்கத்திலும், காபரேற்றர் வாயின் உள்விளிம்பிலும் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. அந்தத் தூள் போய்ச் சேருமிடம் சிலிண்டர். போதாததற்கு, வெற்றிட வகைக் காபரேற்றர்கள் பெட்டிக்குள் அமைதியாக நிற்கும் காற்றை எதிர்பார்த்துச் செய்தவை. பெட்டியைக் கழற்றினால் நடு ரேஸில் இழுவையில் ஒரு பள்ளம் விழும், அதை ஜெற்றால் முழுதாக நிரப்ப முடியாது. நான் பெட்டியைத் திரும்பப் பூட்டி, புதுக் கடதாசி ஃபில்டர் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினேன். அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கூம்பு ஃபில்டர்தான் வேண்டும் என்றால், எண்ணெய் தடவும் ஸ்பொஞ்ச் வகையை வாங்கிக் கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். ஃபில்டரையும் சைலன்சரையும் ஜெற் மாற்றத் தொடங்க முன்பே முடிவாகப் பூட்டிவிடுங்கள். இடையில் ஒன்றை மாற்றினால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

3. ரேஸ் பிடியில் ரேப் ஒட்டுங்கள்

பத்து ரூபாய் பெறாத வேலை, ஆனால் இதுதான் கண்ணைத் திறந்துவிட்டது. ரேஸ் பிடிக்கும் அதன் பக்கத்தில் அசையாமல் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் வெள்ளைக் கடதாசி ரேப் ஒட்டுங்கள். பெட்டியில் ஒரு கோடு. பிடியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து கோடு. இனி ஓடும்போது கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

காபரேற்றரில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திறப்பில் வேலை செய்கிறது. மூடிய நிலையிலிருந்து கால் வரை பைலற் ஜெற்றும் அதன் திருகாணியும். காலிலிருந்து முக்கால் வரை சிலைட்டில் தொங்கும் ஊசி. முக்காலுக்கு மேலே மெயின் ஜெற். எல்லை கத்தியால் வெட்டினது போல இருக்காது, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும். ஆனாலும் கால் ரேஸில் வரும் தடுமாற்றத்துக்கு மெயின் ஜெற்றை மாற்றுவது வீண் வேலை என்பது இதில் தெரிந்துவிடும். கேபிளே சிலைட்டை இழுக்கும் வகையில் கியரோ வேகமோ இதில் கணக்கில்லை. 30 கிலோமீற்றர் வேகத்தில் முழு ரேஸ் திறந்தாலும் அங்கே பேசுவது மெயின் ஜெற்தான்.

பெற்றோல் குறைவாக இருந்தால்: ரேஸை விடும்போது வெடிக்கும், ரேஸை விட்ட பிறகும் ஐட்லிங் உடனே இறங்காமல் தொங்கும், சோக்கைப் பாதி இழுத்தால் நன்றாக ஓடும். கூடவாக இருந்தால்: கறுத்த புகை, பெற்றோல் மணம், எஞ்சின் சூடேறச் சூடேற ஓட்டம் மந்தமாகும், ஃபில்டரைக் கழற்றினால் கொஞ்சம் சுகமாகும்.

4. சாமானும் செலவும்

பழைய மெயின் ஜெற்றின் இலக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். ஜெற்றின் தலையில் மிகச் சின்னதாக வெட்டியிருக்கும். கைபேசிக் கமெராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டத் தலை ஜெற்றில் 110 என்றிருந்தால் ஓட்டை 1.10 மில்லிமீற்றர். மிக்குனியின் ஆறு மூலைத் தலை ஜெற்றில் இருப்பது ஓட்டையின் அளவல்ல, நிமிடத்துக்கு எவ்வளவு பெற்றோல் பாய்கிறது என்ற இலக்கம். அதனால் மிக்குனி 110-உம் கெய்ஹின் 110-உம் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போடக்கூடாது. ஜெற்றின் திருகுப் புரியும் (மரையும்) வேறுபடும்.

எவ்வளவு கூட்டுவது? எயார் பெட்டி அப்படியே இருந்து சைலன்சர் மட்டும் மாறினால் ஒன்றிரண்டு படி: 110 என்றால் 112.5 அல்லது 115. பெட்டியும் போய்ச் சைலன்சரும் முழுதாக மாறினால் 120, 125 வரை போகலாம். 110-லிருந்து 115 என்பது ஐந்து இலக்கம்தான், ஆனால் ஓட்டையின் பரப்பு 9 வீதம் கூடுகிறது. 120 போட்டால் 19 வீதம். சின்ன மாற்றம் என்று நினைத்து 130-ஐத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்று மெயின் ஜெற் ஒரேயடியாக வாங்குங்கள், பக்கத்துப் பக்கத்து இலக்கத்தில். கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் பழைய இலக்கம் கிடைக்கும், மேலே உள்ள இலக்கங்கள் பெரும்பாலும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் விசாரியுங்கள், அல்லது கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தெரிந்தவர் மூலம் எடுப்பியுங்கள். எனக்கு வந்துசேர மூன்று நாள் எடுத்தது. சாமான் கைக்கு வரும்வரை பைக்கைக் கழற்றாதீர்கள். ஒரு கிழமை வேலைக்குப் பஸ்ஸில் போகவேண்டி வரும்.

ஒரு எச்சரிக்கை. எனக்கு முதலில் கிடைத்த "பெரிய ஜெற்" உண்மையில் பழைய ஜெற்றைத் துளைத்துப் பெருப்பித்தது. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபோது ஓட்டையின் உள்சுவரில் திருகு திருகாகக் கோடு தெரிந்தது, வாயில் ஒரு பிசிறும் நின்றது. நல்ல ஜெற்றின் ஓட்டை கண்ணாடி போல வழவழப்பாக, சரியான வட்டமாக இருக்கும். துளைத்த ஜெற்றில் தலையில் உள்ள இலக்கத்துக்கும் பாயும் பெற்றோலுக்கும் தொடர்பே கிடையாது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

எனக்கு முடிந்த செலவு: மெயின் ஜெற் மூன்று 1,050 ரூபாய், பைலற் ஜெற் 400, பிளக் இரண்டு 1,800, காபரேற்றரின் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணத்தின் றப்பர் வளையம் 200, காபரேற்றர் கழுவும் ஸ்பிரே 1,200. சோதனை ஓட்டத்துக்கு நாலு லீற்றர் பெற்றோல், அப்போது லீற்றர் 300 ரூபாய்க்கு அக்கம்பக்கம். விலை கடைக்குக் கடை மாறும். 92 ஒக்டேன் ஓடிய பைக்குக்கு அதே போதும்; 95 அடிப்பதால் கலவை சரியாகாது.

ஸ்குரூ ட்ரைவர் விடயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஜப்பான் காபரேற்றர்களின் நட்சத்திரத் திருகாணிகள் ஜப்பான் அளவில் வெட்டியவை. சாதாரண நட்சத்திர முனை முழுதாக இறங்காது, அழுத்தித் திருப்பினால் தலையை வழித்துவிடும். ஜெற் பித்தளை, அதைவிட மென்மை. வெட்டுக்குச் சரியாக இறங்கும் அகலமான தட்டை முனை வேண்டும்.

5. காபரேற்றரைக் கழற்றுங்கள்

எஞ்சின் ஆறட்டும். வெளியில், நிழலில் வையுங்கள். விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெற்றோல் குழாயைப் பூட்டி, கிண்ணத்தின் அடியில் உள்ள திருகாணியைத் தளர்த்திப் பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். போத்தலின் அடியில் தண்ணீரோ சிவப்பு மண்ணோ தெரிந்தால் ரான்கையும் கழுவவேண்டும்.

சில பைக்குகளில் காபரேற்றரை முழுதாகக் கழற்றாமல் இரண்டு பட்டியையும் தளர்த்திச் சரித்துக் கிண்ணத்தைத் திறக்கலாம். இயலுமானால் அப்படியே செய்யுங்கள். கழற்ற முன் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று நாலு படம் எடுங்கள்.

கிண்ணத்தைத் திறந்தால் நடுவில் உயரமாக நிற்பது மெயின் ஜெற். அதன் பக்கத்தில் ஆழக் குழிக்குள் ஒல்லியாக இருப்பது பைலற் ஜெற். மிதவையை நெருக்கி வளைத்துவிடாதீர்கள், அதன் உயரம் மாறினால் எல்லா அளவும் மாறும். ஜெற் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தக்கூடாது. ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். தேவையென்றால் மீன்பிடி நைலோன் நூல் ஒன்றை விட்டு இழுங்கள்.

ஸ்பிரே அடிக்கும்போது வெற்றிட வகையின் றப்பர் சவ்வை எடுத்துத் தூர வையுங்கள். அந்த மருந்து பட்டால் சவ்வு ஊதி நெளிந்துவிடும். சவ்வை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை ஓட்டை இருந்தாலும் நடு ரேஸில் இழுவை இருக்காது. தனியே கிடைக்காமல் சிலைட்டோடு சேர்த்துத்தான் வாங்கவேண்டி வந்தால், இந்த வேலையில் பெரிய செலவு அதுதான்.

கிண்ணத்தின் றப்பர் வளையம் கழற்றியதும் நீண்டு, திரும்பப் பள்ளத்துக்குள் உட்காராது. பெற்றோலில் ஊறி உப்பியிருக்கிறது. நெருக்கிப் பூட்டினால் நசிந்து ஒழுகும். ஓர் இரவு காயவிட்டால் சுருங்கும். புதியதே போட்டால் இன்னும் நல்லது.

6. மெயின் ஜெற்: பெரிதிலிருந்து சின்னனுக்கு

வாங்கிய மூன்றில் பெரியதை முதலில் போடுங்கள். பெற்றோல் கூடினால் பிளக் கறுக்கும், புகை வரும், அவ்வளவுதான். குறைந்தால் எஞ்சின் சுட்டுக் கெடும். அதனால் மேலிருந்து கீழே இறங்கி வருவதுதான் பாதுகாப்பு. நான் முதலில் தலைகீழாகச் செய்தேன்.

சோதனை ஓட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் ஓடி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு நேரான, ஆளில்லாத வீதி வேண்டும். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், பாடசாலை நேரக் கூட்டம் தொடங்க முன், ஊருக்கு வெளியே. மாலையில் வேண்டாம்; வீதியில் மாடுகள் படுத்திருக்கும், மங்கல் வெளிச்சத்தில் கறுத்த மாடு கண்ணில் படாது. காட்டுக் கரையில் மயில் குறுக்கே பறக்கும்.

முழு ரேஸ் என்றதும் டொப் கியரில் பறக்கவேண்டும் என்றில்லை. ஊருக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை, ஏ9-இல் பொலிஸ் வேகம் அளக்கிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் முழு ரேஸைத் திறந்தால் எல்லைக்குள்ளேயே சோதனை முடிந்துவிடும்.

முதல் சோதனை: முழு ரேஸில் இழுத்துக்கொண்டிருக்கும்போது பிடியை மயிரளவு பின்னுக்கு விடுங்கள், முழுத் திறப்பின் எட்டில் ஏழு பங்கில் நிற்கட்டும். அந்த நொடியில் பைக் முன்னுக்குத் துள்ளினால் பெற்றோல் குறைவு, பெரிய ஜெற் வேண்டும். இடித்துத் தடுமாறினால் பெற்றோல் கூடுதல், ஒரு படி குறையுங்கள். ஒரே சீராகக் கொஞ்சம் தளர்ந்தால் சரி.

இரண்டாவது, பிளக் பார்ப்பது. புதுப் பிளக் போட்டு, அதே வீதியில் முழு ரேஸில் சில நொடி பிடித்துவிட்டு, கிளச்சை இழுத்து அதே கணம் கில் சுவிட்சால் எஞ்சினை நிற்பாட்டுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டால் பைலற் ஜெற்றின் நிறம் மேலே படிந்து உண்மையை மறைத்துவிடும். உருண்டு கரைக்கு வந்து, கையுறை போட்டுக்கொண்டு கழற்றுங்கள், நல்ல சூடு. கில் சுவிட்ச் இல்லாத பைக்கென்றால் இந்தச் சோதனையை விடுங்கள், முதல் சோதனை போதும். ஓடும்போது சாவியில் கை வைக்கவேண்டாம்.

பிளக்கின் நுனியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளைப் பீங்கான் இரும்போடு சேரும் அடிப்பக்கம், உள்ளே ஆழத்தில், மெல்லிய வளையமாக ஒரு நிறம் படிந்திருக்கும். பார்க்கவேண்டியது அந்த வளையத்தை. இப்போதைய ஈயமில்லாத பெற்றோலில் நிறம் மங்கலாகத்தான் விழும். பால் தேநீரின் நிறம் நல்லது. வெள்ளையாக, சின்னச் சின்னப் பளபளக்கும் மணிகளோடு இருந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். அடுப்புக்கரி போலக் கறுத்து, துடைத்தால் விரலில் ஒட்டினால் பெற்றோல் கூடுதல்.

மெக்கானிக் அண்ணையிடம் நான் "சத்தம் இப்ப நல்லாத்தான் கிடக்கு அண்ணை" என்றபோது அவர் சொன்னது: "தம்பி, சத்தத்தைக் கேட்டு ஜெற் மாத்தாதையும். பிளக்கைக் கழட்டி எனக்குக் காட்டும்."

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். போட்ட ஜெற், நாள், நேரம், பிளக்கின் நிறம் என்று கொப்பியில் எழுதுங்கள். பிளக்கைப் படம் எடுத்து வையுங்கள். நாலாவது தடவையில் இரண்டாவதன் நிறம் நினைவில் நிற்காது. எனக்கு 120 கறுத்தது, 117.5 கொஞ்சம் இடித்தது, 115-இல் நின்றது.

7. ஊசி

அரை ரேஸ் கோட்டில் பிடித்து ஓடுங்கள். அங்கே தடுமாற்றம் இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். பெட்டியோடு ஓடும் பைக்குகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

தடுமாறினால் ஊசியை எடுங்கள். மேல்முனையில் ஐந்து வெட்டும், ஒன்றில் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி மேலே எழும்பும், பெற்றோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ஒரு வெட்டு மாற்றிப் பாருங்கள். வெற்றிட வகை ஊசிகள் பலவற்றில் ஒரே ஒரு வெட்டுத்தான் இருக்கும். அவற்றின் தலைக்குக் கீழே அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள சின்ன வோஷர் ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். ஒன்றில் திருத்தம் தெரியும், இரண்டுக்கு மேல் வேண்டாம். கிளிப் தெறித்து மணலில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, வெள்ளைத் துணி விரித்துவிட்டு வேலை செய்யுங்கள்.

8. பைலற்: பொறுமை வேண்டிய இடம்

ஊருக்குள் ஓடும் ஓட்டத்தில் பெரும்பகுதி இந்தக் கால் ரேஸுக்குள்தான். ரேஸை விடும்போது வெடிக்கும் வெடியும் இங்கேதான் தீரும்.

திருகாணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலை விடும் திருகாணி: வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை விடுவது: வெளியே திருப்பினால் பெற்றோல் குறையும். இதை மாற்றிப் பிடித்துத்தான் பலர் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். சில பைக்குகளில் அதன் மேல் ஒரு பித்தளை மூடி அடித்திருப்பார்கள். அதை எடுக்கத் துளை போடவேண்டும். ஒரு மில்லிமீற்றர் ஆழம் கூடினாலும் உள்ளே திருகாணியின் தலை போய்விடும். அந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

திருகாணியை மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். அடி தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை உடைந்து ஓட்டைக்குள்ளேயே இறுகிவிடும், பிறகு காபரேற்றரையே மாற்றவேண்டியதுதான்.

இனி இரண்டு சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டி வைத்து, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள், ஒவ்வொரு தடவையும் பத்து நொடி பொறுத்துக் கேளுங்கள். எஞ்சின் வேகம் ஏறி ஏறி ஓரிடத்தில் உச்சம் போகும், அதற்கு மேல் திருப்பினால் இறங்கும். அந்த உச்சத்தில் விட்டுவிட்டு ஐட்லிங்கைப் பழைய அளவுக்குக் குறையுங்கள்.

இந்த உச்சம் ஒரு சுற்றுக்கும் மூன்று சுற்றுக்கும் இடையில் வந்தால் பைலற் ஜெற் சரி. பெற்றோல் திருகாணி மூன்று சுற்றுக்கு மேல் போயும் இன்னும் கேட்டால் ஒரு படி பெரிய பைலற் ஜெற் போடுங்கள். மிக்குனியில் 15 என்றால் 17.5. ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்தால் ஒரு படி சின்னது. காற்றுத் திருகாணியில் இந்தக் கணக்கு தலைகீழ். எனக்கு 17.5 போட்டு இரண்டே கால் சுற்றில் வெடி முழுதாக நின்றது. லீற்றருக்கு 42 கிலோமீற்றர் ஓடுகிறது.

9. புகைப் பரிசோதனை, லைசன்ஸ், பொலிஸ்

வருடா வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் (லைசன்ஸ்) எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். மோட்டார் சைக்கிளை ஐட்லிங்கில் விட்டுத்தான் குழாயைச் செருகி அளக்கிறார்கள். அதாவது உங்கள் மெயின் ஜெற்றை அங்கே யாரும் பார்ப்பதில்லை. பாஸ் ஆவதும் ஃபெயில் ஆவதும் எட்டாம் படியில் நீங்கள் வைத்த திருகாணியில் இருக்கிறது. வெடி நிற்கவேண்டும் என்று அதை அளவுக்கு மேல் திறந்து வைத்திருந்தால் காபன் மொனொக்சைட் கூடி மாட்டிக்கொள்வீர்கள்.

ஆகவே லைசன்ஸ் முடியும் திகதியை முதலில் பாருங்கள். முடிய ஒரு மாதத்துக்குள் இருந்தால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பரிசோதனையையும் பிரதேச செயலக அலுவலையும் முடித்துவிட்டு வாருங்கள். ஏற்கனவே செய்துவிட்டீர்களென்றால், பரிசோதனைக்குப் போகும் நாளில் இருபது நிமிடமாவது ஓடி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு நேரே உள்ளே விடுங்கள். ஆறிய எஞ்சினோடு வரிசையில் நிற்காதீர்கள். சைலன்சர் கசிந்தாலும் அளவு பிழைக்கும்.

சத்தம் கூடிய சைலன்சருக்குப் பொலிஸ் மறிக்கும், தண்டம் எழுதும், கழற்றவும் சொல்லும். ஜெற் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு உதவாது. சைலன்சருக்குள் இருக்கும் சத்தம் குறைக்கும் குழாயைக் கழற்றாதீர்கள். ஆசுபத்திரி வாசலிலும் பாடசாலை வாசலிலும் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். பழைய சைலன்சர், பழைய ஜெற்றுகள், வாங்கிய பில்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பைக்கை விற்கும்போது வாங்குபவர் பழையபடி கேட்பார். சாரதி அனுமதிப்பத்திரம், லைசன்ஸ், காப்புறுதி மூன்றும் சோதனை ஓட்டத்திலும் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரே வீதியில் நாலு தடவை போய் வரும் பைக்கை யாரும் மறித்து விசாரிப்பார்கள்.

10. மாரியும் கோடையும்

வன்னி தட்டை நிலம். வவுனியா நகரமே கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவில்தான். எனவே உயரத்துக்காக இங்கே எதுவும் மாற்றவேண்டியதில்லை. நுவரெலியா போனால் அங்கே 1,868 மீற்றர், காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பைக் பெற்றோல் கூடி மந்தமாக ஓடும். இரண்டு நாள் பயணத்துக்காக ஜெற்றைக் கழற்றாதீர்கள், இறங்கி வந்ததும் தானே சரியாகிவிடும்.

சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் இடையில் காற்றின் அடர்த்தி மூன்று நாலு வீதம்தான் மாறுகிறது. கோடையில் சரியாக வைத்த பைக்குக்கு மாரிக் காலைகளில் சோக் கொஞ்சம் கூட நேரம் வேண்டும், பைலற் திருகாணியைக் கால் சுற்றுத் திறந்தால் போதும். கோடையில் பெற்றோலைக் குறைவாக வைத்துவிட்டு மாரிக்குள் போனால் இன்னும் குறையும் என்பதால், இரண்டு அளவுக்கு நடுவில் எது என்று தெரியாமல் நின்றால் பெற்றோல் கூடிய பக்கம் நில்லுங்கள்.

மாரியில் உண்மையான தொல்லை தண்ணீர். குளம் வான் பாயும் நாட்களில் வீதியைக் குறுக்கறுத்து ஓடும் தண்ணீருக்குள் பைக்கை விட்டு எடுத்தால், காபரேற்றரின் காற்றுக் குழாய் வழியாகக் கிண்ணத்துக்குள் தண்ணீர் ஏறும். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம். அடியில் தங்கி, நேரே மெயின் ஜெற்றுக்குப் போகும். ஐட்லிங் ஓடும், ரேஸ் கொடுத்தால் அணையும். ஜெற் பிழைத்துவிட்டது என்று அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள். கிண்ணத்தின் அடித் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் குமிழாக அடியில் உருளும். அதை ஊற்றிவிட்டுத் திருகாணியைப் பூட்டி, பெற்றோல் குழாயைத் திறந்து கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் விட்டு ஸ்ரார்ட் பண்ணுங்கள்.